மறு: உச்சியில் பந்து நிற்கும்போது முடுக்கம் பூஜ்ஜியம்தானே?

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்படியானால் அங்கே முடுக்கமும் பூஜ்ஜியம்தானே, விடைக்குறிப்பில் ஏன் 9.8 மீ/வி² என்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விடைக்குறிப்பு சரிதான்.

முடுக்கம் என்பது திசைவேகம் (திசையோடு சேர்ந்த வேகம்) ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான். திசைவேகம் பூஜ்ஜியமாக இருப்பது வேறு, மாறாமல் இருப்பது வேறு. நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். (காற்றுத் தடையை விட்டுவிடுவோம்.) 1 நொடி கழித்து 9.8, 2 நொடியில் 0, 3 நொடியில் கீழ்நோக்கி 9.8. ஒவ்வொரு நொடியும் அதே அளவு மாற்றம்தான். பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது மட்டும் அது ஏன் நிற்க வேண்டும்? முடுக்கமும் அங்கே பூஜ்ஜியமாகி அப்படியே இருந்துவிட்டால் பந்து கீழே வரவே வராது, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம், 'கை கொடுத்த விசை உச்சியில் தீர்ந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பந்து கையை விட்டதுமே கையின் விசை முடிந்தது. பிறகு பந்துக்கு மிஞ்சுவது வேகம்தான், விசை அல்ல. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதன்மேல் செயல்படுவது புவியீர்ப்பு விசை ஒன்றே. மூன்று நிலைக்கும் விசைப்படம் (பந்தின்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படம்) வரைந்து பாருங்கள். மூன்றிலும் கீழ்நோக்கி ஒரே நீளமுள்ள ஒற்றை அம்புதான் வரவேண்டும்.