திருச்சி டிக்கெட் 180 வெள்ளி குறைவு: வாங்கலாமா?

கேள்வி: தை மாதம் திருச்சியில் அண்ணன் மகன் திருமணம். வீட்டில் நான்கு பேர் போகிறோம். மலிவு டிக்கெட் இணையதளம் ஒன்றில் விமான நிறுவனத்தின் விலையைவிட ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) குறைவாக இருக்கிறது. தெரிந்த தம்பி ஒருவர், தன் கணக்கில் பணம் போட்டால் தானே அதில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: அம்மா, முதலில் அந்தத் தம்பி விஷயம். அவர் கணக்கில் ஒரு காசும் போடாதீர்கள். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். பயண முகவர் தொழில் செய்ய 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். முறையான முகவர் நிறுவனக் கணக்கில் பணம் வாங்கி ரசீது தருவார். தனியாள் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. பண்டிகைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் 'ஆஃபர்' படம் அனுப்பி, தோட்டத்துச் சனங்களிடம் கறந்துகொண்டு காணாமல் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இப்போதே மோசடிப் புகார் எண் 997ஐ அழையுங்கள். நாளைக்கு என்றால் பணம் நாலு கை மாறியிருக்கும்.

இணையதளங்கள் எல்லாமே மோசடி அல்ல. விமானம் குறித்தபடி பறந்தால் உங்களுக்கு லாபம்தான். நேரம் மாறினாலோ பயணம் ரத்தானாலோதான் வினை. விமான நிறுவனம், 'வாங்கிய இடத்தில் கேளுங்கள்' என்று சொல்லும். தளமோ, 'அவர்கள் இன்னும் பணம் தரவில்லை' என்று சொல்லும். நம் நாட்டில் 2016 முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. ரத்தானால் 30 நாளில் பணம் திரும்ப வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து, 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பயணத்தை விட்டுவிட்டு முழுப்பணம் கேட்கலாம். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடுவில் ஒரு தளம் புகுந்துவிட்டால், அதுவும் வெளிநாட்டில் இருந்தால், அதை யார் போய்ப் பிடிப்பது? பணம் கட்டியவர் ஏன் இரண்டு வாசலிலும் மாறி மாறி நிற்க வேண்டும்? இதற்கு ஒரு முடிவு கட்ட இவ்வளவு காலமா?

அடுத்தது பெயர். கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) இருப்பதில் ஓரெழுத்தும் பிசகக் கூடாது. விதிவிலக்கு ஒன்றுதான்: நம் பெயரில் 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி. அந்தச் சாய்கோட்டைப் பெரும்பாலான பதிவுப் படிவங்கள் ஏற்காது. அது விடுபட்டால் பயப்படாதீர்கள். 'ஏபி' என்று சேர்த்து எழுதுவதா, அடியோடு விடுவதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுவிட்டு எழுதுங்கள். 'குடும்பப் பெயர்' கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? 'ஏபி'யை மட்டும் அங்கே போடுகிறவர்கள் உண்டு. ஊரெல்லாம் கணவர் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவதால் அதையே எழுதிவிடும் பெண்களும் உண்டு. உங்கள் கடப்பிதழில் இருப்பது தகப்பனார் பெயர். அதைத்தான் போட வேண்டும். நேரடியாக வாங்கியிருந்தால் விமான நிறுவனத்திடமே திருத்தம் கேட்கலாம். தளத்தில் வாங்கினால் அதற்கும் அவர்கள் கையைத்தான் பார்த்திருக்க வேண்டும், கட்டணமும் தனி.

அந்த 180 வெள்ளியும் நிஜமா என்று பாருங்கள். மலிவு விலையில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைதான் அடக்கம். கல்யாணத்துக்குப் போகிறவர் சேலையும் சீர்வரிசையும் 7 கிலோவிலா கட்டுவீர்கள்? பெட்டிக்கும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை இரண்டு இடத்திலும் ஒப்பிடுங்கள். கொழும்பு வழி, பேங்காக் வழி என்று இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டிக் கொடுத்தால் வேண்டாம். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விலை பார்க்க அந்தத் தளம் போதும். வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தளத்திலேதான் என்றால் மகனுடைய கடன் அட்டையில் கட்டச் சொல்லுங்கள். டிக்கெட் வராவிட்டால் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். அன்றைக்கே பதிவு எண்ணை விமான நிறுவனத் தளத்தில் போட்டு, நான்கு பெயரும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.