வயலுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயை ரோபோ விட்டுச் சோதித்தால் கசிவு பயம் தீருமா?

உங்கள் வயலில் போவது எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் குழாய்ச் சோதனை ஒப்பந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காணொளிகளில் வரும் சக்கரம் வைத்த கேமரா வண்டி பெரும்பாலும் பாதாளச் சாக்கடைக்கானது. எண்ணெய்க் குழாயில் ஓடுவதைத் தளத்தில் பிக் என்போம். மோட்டார் கிடையாது, பின்னால் வரும் எண்ணெயோ எரிவாயுவோ அதைத் தள்ளிக்கொண்டு போகும். முதலில் உள்ளே படிந்த கசடை வழித்தெடுக்க ஒன்று, நசுங்கல் உண்டா என்று பார்க்க ஒன்று. அதன் பிறகுதான் உணரிகள் பொருத்தியதை விடுவார்கள். அதன் காந்தங்கள் இரும்புத் தூரிகைகள் வழியாகக் குழாய்ச் சுவரைக் காந்தமாக்கும். சுவர் அரித்து மெலிந்த இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும், உணரி அதைப் பதிவு செய்யும்.

பிக் வந்து சேரும் பெட்டியைத் திறப்பதுதான் பதற்றமான வேலை. கருப்புச் சேறும் மெழுகுமாக வரும். அதில் இரும்பு சல்ஃபைடு இருந்தால் காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் என்பதால் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். ஸ்பானரைத் தள்ளி வைக்காவிட்டால் காந்தம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

அறிக்கையில் ஒவ்வொரு பழுதுக்கும் தூரத்தோடு கடிகார மணியும் இருக்கும். 12 என்றால் குழாயின் மேல்பக்கம், 6 என்றால் அடிப்பக்கம். உட்புற அரிப்பு 6 மணியிலேயே வரிசையாக வந்தால், எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் நீர் அடியில் தேங்கித் தின்கிறது என்று பொருள். வெளிப்புற அரிப்பு என்றால் மேல்பூச்சு விட்டுப்போன இடத்தில் ஈரக் களிமண் வேலையைக் காட்டியிருக்கும். கடலோரமானால் உப்பும் சேரும். ஆனால் காந்த முறைக்குக் குழாயின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசல் சரியாகப் பிடிபடாது. ஊசித்துளை போன்ற குழிகளின் ஆழத்தையும் முழுதாக நம்ப முடியாது.

ஆகவே அறிக்கை சொன்ன இடத்தைத் தோண்டி அளந்து பார்த்தாக வேண்டும். டெல்டாவில் இழுபறி இங்கேதான். தாளடி அறுவடை முடிந்தால் உளுந்து நிற்கும். உளுந்து எடுத்த பின் கிடைப்பது சித்திரையும் வைகாசியும்தான். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குழி நிரம்பிவிடும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போயிற்று.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பிக் போவதற்குக் குழாயின் ஒரு முனையில் ஏற்றும் பெட்டி, மறுமுனையில் இறக்கும் பெட்டி, நடுவே ஒரே விட்டம், தாராளமான வளைவு, தள்ளுவதற்குப் போதிய ஓட்டம் எல்லாம் வேண்டும். கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் சிறு குழாய்கள் பலவற்றில் இவை இருப்பதில்லை. நீர் கலந்த எண்ணெய் முதலில் வருவதோ அவற்றில்தான். கேபிளோடு ஊர்ந்து செல்லும் ரோபோவை அனுப்பலாம் என்றால் குழாயைக் காலிசெய்து ஒரு முனையைத் திறக்க வேண்டும், அதுவும் கேபிள் நீளம் வரைக்கும்தான். ஒரு குழி தோண்டி வெளியிலிருந்தே ஒலியலை அனுப்பிப் பார்க்கும் முறையும் உண்டு. நம் களிமண் அந்த அலையை உறிஞ்சிவிடுவதால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். அழுத்தச் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். என்னைக் கேட்டால், இருபுறமும் சாகுபடி நடக்கும் பழைய சிறு குழாயைச் சோதித்துக்கொண்டே இருப்பதைவிட மாற்றிவிடுவது மலிவு.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய் கசிந்ததிலிருந்து ஊர்க்கூட்டங்களில் "சோதனை செய்தாயிற்று" என்ற பதில் அடிக்கடி காதில் விழுகிறது. அதோடு விடாதீர்கள். குழாய் பொதுத்துறை நிறுவனத்துடையது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். என் வயலில் போகும் குழாயில் பிக் ஓடுமா, கடைசியாக எந்த ஆண்டு உணரி பிக் ஓடியது, சுவரில் பாதிக்கு மேல் அரித்ததாகக் காட்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனையைத் தோண்டிப் பார்த்தீர்கள் என்று சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.