பிரேக் காலிப்பர்: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? (கேள்வி பதில்)

கார்ச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட் என்ற உராய்வுப் பட்டைகளால் கவ்வி நிறுத்தும் பாகம்தான் காலிப்பர். அதைச் செய்யும் ஆலையில் மெஷின் ஷாப், அசெம்பிளி இரண்டிலுமாக 27 வருடம் வேலை பார்த்தேன். உற்பத்தியை எளிமையாக்குவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கைப்பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (டிப்ளமோ மாணவர்): "பாகங்களைக் குறை" என்று பாடத்தில் வருகிறது சார். எந்தப் பாகம் வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: பூத்ராய்ட், டியூஹர்ஸ்ட் என்ற இருவர் மூன்று கேள்விகள் வைத்தார்கள். இந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தை விட்டுத் தனியாக அசைய வேண்டுமா? வேறு பொருளில்தான் செய்தாக வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றை மாட்டவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் பக்கத்துப் பாகத்தோடு அதைச் சேர்க்க வழி தேடலாம்.

காலிப்பரில் பொருத்திப் பாருங்கள். இரு பக்கமும் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் உருளை) வைத்த ஃபிக்ஸட் காலிப்பரை இரண்டு பாதியாகச் செய்தால், நடுவே பிரேக் ஆயில் போக வழி, அதற்கு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), இரண்டையும் இறுக்கும் போல்ட்டுகள் எல்லாம் வேண்டும். ஃப்ளோட்டிங் காலிப்பரில் உட்பக்கம் மட்டும்தான் பிஸ்டன். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்த, எதிர்விசையில் காலிப்பரே நகர்ந்து வெளிப் பேடை இழுத்துவந்து அழுத்துகிறது. போர் (பிஸ்டன் ஓடும் துளை), சீல் (அங்கே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பிஸ்டன் எல்லாம் பாதியாகிவிட்டன. பதிலுக்கு, காலிப்பர் வழுக்கி ஓட இரண்டு கைடு பின் கூடுகிறது. கணக்குப் போட்டால் அப்போதும் லாபம்தான்.

கேள்வி (அதே மாணவர்): வெளிப் பேடைப் பிடிக்கும் "விரல்களுக்கு" நடுவே ஏன் இடைவெளி? எடை குறைக்கவா?

பதில்: எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் முக்கியமாக அது டூல் போகும் பாதை. பிஸ்டன் போரின் வாய் அந்த விரல்களைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் போரைக் கடையும் போரிங் பார் உள்ளே போகிறது. வடிவமைக்கும்போதே மெஷின்காரரை நினைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

கேள்வி (லைன் சூப்பர்வைசர், ஒரகடம்): இடது, வலது காலிப்பர் மாறிப்போகிறது. எத்தனை முறை எச்சரித்தாலும் மாதம் ஒன்றாவது வருகிறது.

பதில்: எங்கள் லைனிலும் இதே தொல்லை இருந்தது. மாறி மாட்டினால் பிளீடர் ஸ்க்ரூ (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும், எவ்வளவு பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். "கவனம்" என்று போர்டு வைத்தோம், மெமோ கொடுத்தோம். நைட் ஷிஃப்டில் மூன்று மணிக்கு யார் போர்டு படிப்பார்கள்? கடைசியில் ஃபிக்ஸ்சரில், அதாவது காலிப்பரைப் பொருத்திப் பிடிக்கும் தாங்கியில், ஒரு சின்ன பின் அடித்தோம். தவறான பக்கத்து ஜாப் (வேலைக்கு வரும் காலிப்பர்) அதில் உட்காரவே உட்காராது. பிரச்சினை அன்றோடு நின்றது.

வார்ப்பு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே இருக்கட்டும். இரு முனையிலும் பிளீடருக்கு இடம் விட்டு வார்த்து, வேண்டிய முனையில் மட்டும் துளை போடுங்கள். பேட்டர்னும் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) இருப்பும் பாதியாகும். ஆனால் தோற்றம் ஒன்றாகிவிடுவதால் மாறும் ஆபத்து கூடும். ஆகவே அந்த பின் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கைடு பின்களும் அப்படித்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று என வேறு வேறாக இருந்தால், ஒன்று இரண்டையும் ஒரே மாதிரி ஆக்குங்கள், இல்லை மாற்றி மாட்டவே முடியாதபடி மரையை வேறாக்குங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் மோசம்.

தவறே செய்ய முடியாதபடி அமைக்கும் இந்த முறையை ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் முதலில் "பாகா-யோகே" என்றார், அதாவது முட்டாள் தடுப்பு. 1963ல் அரக்காவா ஆலையில் ஒரு பெண் தொழிலாளி, "நான் அவ்வளவு முட்டாளா?" என்று அழுதுவிட்டார். அதன்பிறகுதான் "போகா-யோகே", தவறு தடுப்பு, என்று மாறியது. மெமோ எழுதுமுன் இதை ஒருமுறை நினையுங்கள்.

கேள்வி (அம்பத்தூர், சிறுதொழில் நடத்துபவர்): சீல் குரூவில் (போரின் உட்சுவரில் சீல் உட்காரும் பள்ளம்) சாம்ஃபர் (விளிம்பைச் சாய்த்து வெட்டுவது), பிசிறு எடுப்பது இரண்டுக்கும் நேரம் போகிறது. ஒன்றை விட்டுவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி, இங்கே கை வைக்காதீர்கள். காலிப்பரில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்தச் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் ஆயிலையும் தடுக்கிறது, பிஸ்டனையும் இழுக்கிறது. அழுத்தம் வரும்போது பிஸ்டனோடு சேர்ந்து வளைகிறது. கால் எடுத்ததும் நிமிர்ந்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிஸ்டனைப் பின்னால் கொண்டுவருகிறது. எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பதே குரூவின் சரிவும் அந்த சாம்ஃபரும்தான். குறைந்தால் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும். கூடினால் பெடல் ஆழமாகப் போகும். பிசிறு நின்றால் சீலைக் கீறும்.

நேரத்தை வேறு இடத்தில் பிடியுங்கள்: குரூவையும் சாம்ஃபரையும் ஒரே ஃபார்ம் இன்செர்ட்டில் (அந்த வடிவிலேயே செய்த வெட்டு முனை) வெட்டுங்கள். இன்செர்ட் விலை கூடும், ஒரு ஆபரேஷன் போகும்.

கேள்வி (தர ஆய்வாளர்): சீல் எளிதாக ஏறக் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறார்கள். பரவாயில்லையா?

பதில்: சாதாரண கிரீஸ், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் கூடாது. சீல் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர், மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்) பட்டால் ஊதிவிடும். சுத்தமான பிரேக் ஆயிலோ அதற்கென உள்ள அசெம்பிளி பேஸ்ட்டோ போதும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குச் சரி. நம் ஊரில் நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு (தர மேலாண்மைக்கு ஜப்பானில் தரும் விருது) வாங்கியது. 2001ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003ல் ரானே பிரேக் லைனிங். எல்லாம் நம் பிள்ளைகள் செய்த வேலை.

கேள்வி (ஐ.டி.ஐ. ஆசிரியர்): பூஸ்டர் (பெடல் விசையைப் பெருக்குவது), மாஸ்டர் சிலிண்டர் (அந்த விசையை ஆயில் அழுத்தமாக்குவது) எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறதாமே?

பதில்: ஆமாம். கான்டினென்டலின் எம்.கே. சி1 அப்படி 2016ல் ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவில் வந்தது. பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காப்பது) மூன்றும் ஒன்று. வண்டி ஆலைக்கு வேலை வெகுவாகக் குறையும். பழுது பார்ப்பவருக்குத்தான் கஷ்டம். முன்பு ஒரு ரிப்பேர் கிட் போட்டுச் சரிசெய்தவர் இனி பெட்டியையே மாற்ற வேண்டிவரும். உங்கள் மாணவர்களுக்கு இப்போதே அதைக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி (அம்பத்தூர் தம்பி, மறுபடியும்): எல்லா ஜாப்பையும் லீக் டெஸ்ட் (காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யாமல் நூற்றுக்குப் பத்து பார்த்தால்?

பதில்: முடியாது. ஒவ்வொன்றையும் பாருங்கள். டெஸ்ட் நேரத்தைக் குறைக்க வழி உண்டு. போருக்குள் ஒரு அடைப்புக் கட்டை வைத்துக் காற்று நிற்கும் இடத்தைக் குறையுங்கள். அழுத்தம் சீக்கிரம் நிலைக்கும், சின்னக் கசிவும் தெரியும். வாஷிங் மெஷினிலிருந்து சூடாக வந்த ஜாப்பை உடனே டெஸ்ட்டில் ஏற்றாதீர்கள். அது ஆறும்போது உள்காற்றின் அழுத்தம் இறங்கி, நல்ல ஜாப்பும் ரிஜெக்ட் ஆகும். ரேக்கில் ஆறவிட்டு எடுங்கள்.