கர்ப்பப்பை எடுத்த பிறகும் நீர்க்கட்டித் தொல்லையா? வாசகியர் கேள்விகளும் பதில்களும்

சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

38 வயதில் அதிக உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிசிஓஎஸ்ஸும் இதோடு போய்விடும் என்றார்கள். ஐந்து வருஷம் ஆகிறது. தாடையில் முடி கூடியிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, கழுத்து கறுத்துவிட்டது. ஏன்? (தேவகோட்டை)

பிசிஓஎஸ் இருந்த இடம் கர்ப்பப்பை இல்லை. ஆண் ஹார்மோனைச் சுரப்பவை சினைப்பையும், சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும். இரத்தத்தில் கூடிப்போன இன்சுலின்தான் சினைப்பையை மேலும் தூண்டிவிடுகிறது. இவை எல்லாம் உங்களிடம் அப்படியேதான் இருக்கின்றன. மாதவிலக்குத் தொல்லையும், கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப் புற்றாக மாறும் பயமும் மட்டும்தான் போயிருக்கின்றன. அதனால் மாதவிலக்கை வரவைக்கும் மாத்திரை இனி உங்களுக்கு வேண்டாம்.

கழுத்துக் கருமை இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். தேய்த்துக் குளித்தால் போகாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். இரத்தசோகை இன்னும் இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவை அப்படியே நம்பாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணை ஏற்றிக் காட்டும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சினைப்பையும் அதில் சேர்த்தியா என்று தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி பரணில் எங்கோ கிடக்கிறது. இப்போது எந்த மாத்திரை சாப்பிடலாம்? (புதுவயல்)

முதலில் பரணில் ஏறித் தேடுங்கள். மாத்திரை அப்புறம்.

இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. சினைப்பை இருக்கிற 40 வயதுப் பெண்ணும், அது இல்லாத 40 வயதுப் பெண்ணும் வைத்தியத்தில் இரண்டு வேறு ஆட்கள். முதலாமவருக்கு முடி வளர்ச்சியையும் சர்க்கரையையும் பார்க்கவேண்டும். இரண்டாமவருக்கு அதோடு எலும்பு, இதயம், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரண்டு சினைப்பையும் போன பிறகும் ஆண் ஹார்மோன் உயர்ந்தே இருந்தால் அட்ரீனலைத்தான் துருவிப் பார்க்கவேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாமல் மருந்து எழுதுவது குருட்டு வைத்தியம்.

சம்மரியில் எப்படிப் பார்ப்பது? டி.ஏ.எச்., டி.எல்.எச்., என்.டி.வி.எச். ஆகிய மூன்றும் கர்ப்பப்பையை எந்த வழியாக எடுத்தார்கள் என்று மட்டுமே சொல்லும். பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு சினைப்பையும் போய்விட்டன. பி.எஸ். மட்டும் இருந்தால் குழாய்களைத்தான் எடுத்திருக்கிறார்கள், சினைப்பை இருக்கிறது. அந்த ஒரு 'ஓ' எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. யு.எஸ்.ஓ. என்றால் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது. சம்மரி கிடைக்காவிட்டால் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடுங்கள். வெட்டி எடுத்து அனுப்பிய ஒவ்வொரு உறுப்பையும் அதில் எழுதியிருப்பார்கள்.

இரண்டுமே இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர்கள் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்கவேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-இல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உங்கள் உடம்பைப் பற்றிய காகிதம் அது. தயங்காமல் கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஸ்கேனும், சினைப்பை ஓய்ந்தால் உயரும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் சோதனையும் ஓரளவு சொல்லும். 50 தாண்டியவர்களுக்கு எஃப்எஸ்ஹெச் பெரும்பாலும் உயர்ந்துதான் இருக்கும், அவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிசிஓஎஸ்ஸைக் காரணம் காட்டி முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே அல்ல. உதிரப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள் இருக்கிறது. இவற்றைச் சொல்லாமல் நேராக ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் பின்பற்றவேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது தேதி குறித்திருந்தால், இரண்டாவது மருத்துவர் ஒருவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் மனைவிக்கு டிஹெச்இஏஎஸ் 9 என்று வந்திருக்கிறது. ஆபத்தா? (காரைக்குடி)

டிஹெச்இஏஎஸ் என்பது அட்ரீனல் சுரக்கும் ஆண் ஹார்மோன் வகை. மனைவியின் வயது, சினைப்பை இருக்கிறதா, எந்த அலகில் 9 என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. சில லேபில் மைக்ரோமோலில் தருவார்கள். அப்படியானால் 37-ஆல் பெருக்குங்கள், டெசிலிட்டருக்கு 330 மைக்ரோகிராம் போல வரும். நாற்பதுகளில் இருப்பவருக்கு அது கொஞ்சம் உயர்வு, பயம் கொள்ள வேண்டாம். பிசிஓஎஸ் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு இது உயர்ந்திருப்பது வழக்கம். 700 தாண்டினால் அட்ரீனல் கட்டியா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.

உயர்வு உறுதியானால் காலை 8 மணி வாக்கில் 17-ஓஹெச் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஒரு முறை பாருங்கள். பிறவியிலேயே வரும் அட்ரீனல் கோளாறு ஒன்று பிசிஓஎஸ் மாதிரியே தோன்றும். டெசிலிட்டருக்கு 200 நானோகிராமுக்கு மேல் போனால் அடுத்த சோதனைக்கு அனுப்பவேண்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு லேப், இரண்டு விதமான ஹார்மோன் அளவு. எதை நம்புவது? (பள்ளத்தூர்)

கடிதத்தின் கடைசி வரியில் முடி கொட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருக்கும். சில லேப் கருவிகளை அது ஏமாற்றிவிடும். டிஹெச்இஏஎஸ், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஆண் ஹார்மோன்கள் உயர்ந்ததாகவும், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் குறைந்ததாகவும் பொய்யாகக் காட்டும். மூன்று நாள் நிறுத்திவிட்டு, ஒரே லேபில் காலையில் மறுபடி எடுங்கள்.

டிஹெச்இஏஎஸ்ஸைக் குறைக்க டெக்ஸாமெதசோன் மாத்திரை சாப்பிடலாமா? மூட்டு வலிக்கு முன்பு மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கம்தான். (திருப்பத்தூர்)

கூடாது. எண் குறையும், கூடவே எலும்பும் தேயும், சர்க்கரையும் ஏறும். நாம் வைத்தியம் பார்க்கவேண்டியது முடிக்கும் பருவுக்கும் சர்க்கரைக்கும். லேப் காகிதத்தில் உள்ள எண்ணை இறக்குவதற்காக ஸ்டீராய்டு தின்பது தவறு.

பெயர் தெரியாத வலி மாத்திரைப் பொட்டலங்களை மறுபடி தொடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். முகம் உப்பி, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போய், வயிற்றில் விரல் அகலத்துக்குச் சிவந்த கோடுகள் விழுந்து, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாவிட்டால் அது வெறும் பிசிஓஎஸ் இல்லை. உடனே காட்டுங்கள்.

முகத்து முடிக்கு ஸ்பைரனோலாக்டோன் எழுதியிருக்கிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டனும் சாப்பிடுகிறேன். வெயிலுக்குத் தினமும் இரண்டு இளநீர். சரிதானே? (கண்டனூர்)

சரியில்லை. இரண்டு மாத்திரையுமே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் அதுதான் இருக்கிறது. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரை நிறுத்திவிட்டு, இந்த வாரமே பொட்டாசியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்து, மருந்து எழுதியவரிடம் காட்டுங்கள். மோர் குடியுங்கள்.

மற்றபடி நல்ல மருந்துதான். கருவுக்கு ஆகாது என்பது இதன் பெரிய தடை, கர்ப்பப்பை எடுத்துவிட்ட உங்களுக்கு அது இல்லை. பலன் தெரிய 6 மாதம் ஆகும், ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கருப்புக் கவுனி சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள். ஆடிக் கும்மாயம் இடுப்புக்கு நல்லது என்று மாமியார் சொல்கிறார். சாப்பிடலாமா? (கானாடுகாத்தான்)

கவுனி அரிசி நல்ல அரிசி. நம் வீட்டு விசேஷங்களில் அதை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறி வைக்கிறோமே, அது இனிப்பு. அரிசியின் பெயரைச் சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். கும்மாயத்தில் உளுந்து நல்லது, கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு சின்ன உருண்டை போதும், மாமியாருக்கும் மனசு கோணாது.

விசேஷ வீட்டு இலையில் வெண்டைக்காய் மண்டி, கூட்டு, பொரியல் இவற்றை முதலில் சாப்பிடுங்கள். அசைவம் என்றால் மீனோ கோழியோ முதலில், சோறு கடைசியில் கொஞ்சமாக. மதியம் படுக்காமல் வளவைச் சுற்றி 15 நிமிஷம் நடங்கள். அந்தக் காலத்தில் வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்தாலே பாதி நடை ஆகிவிடும். இப்போது அந்த நடையை நாமே தேடிப் போகவேண்டியிருக்கிறது.

41 வயது. சம்மரியில் பி.எஸ்.ஓ. என்று இருக்கிறது. உடம்பு தீயாய் எரிகிறது, தூக்கமே இல்லை. ஹார்மோன் மாத்திரை என்றால் பயம். (குன்றக்குடி)

காகிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. மார்புப் புற்று, இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இல்லாதவராக இருந்தால் ஏறக்குறைய 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுப்பதுதான் உங்கள் எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு. கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் கூடவே புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருந்திருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடையோ பிரஷரோ கூடுதல் என்றால் மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லைக் கேட்டுப் பாருங்கள், இரத்தக்கட்டு பயம் அதில் குறைவு.

சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினை இனி நிறுத்தலாமா? (கோட்டையூர்)

சர்க்கரை எல்லையில் இருந்தால் நிறுத்த வேண்டாம், தொடருங்கள். வருஷம் ஒரு முறை வைட்டமின் பி12 பாருங்கள். முகத்து முடிக்காக மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கு அது பெரிதாக உதவாது.

வயது 56. கர்ப்பப்பை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. மூன்று நான்கு மாதமாகக் குரல் கட்டிப்போய் ஆண் குரல் மாதிரி ஆகிவிட்டது. முன்நெற்றி முடி கொட்டுகிறது, மீசை முளைக்கிறது. வயசாகிவிட்டது என்று மகன் சொல்கிறான். (பொன்னமராவதி)

வயசு இல்லை, ஆச்சி. இவ்வளவு வேகமாக, குரலே மாறும் அளவுக்கு வந்தால் சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏஎஸ், வயிற்று ஸ்கேன் மூன்றும் எடுக்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஆபரேஷன் செய்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மகனைக் கூட்டிக்கொண்டு, இந்த வாரமே மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ஹார்மோன் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். இந்தப் பதிலை மகனிடமும் காட்டுங்கள்.