மிதிபாகலும் பந்தல் பாகலும்

மதிப்பிற்குரிய ஐயா,
கன்னங்குறிச்சியில் எங்கள் வேலியில் படரும், குட்டிக் காய் காய்க்கும் மிதிபாகலின் மகரந்தத்தைப் பந்தலிலுள்ள நீளப் பாகலின் பெண்பூவில் தொட்டு வைத்தேன். அந்த விதையில் வந்த கொடிகள் எல்லாமே குட்டிக் காய்தான் காய்க்கின்றன. இரண்டின் குரோமோசோம்களும் ஒத்துப்போகவில்லையா? கல்லூரி நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது? ஏற்காட்டுப் பழுபாகலையும் இதோடு சேர்க்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

மனம் தளராதீர்கள். கலப்பு பிடித்ததற்கு அந்தக் குட்டிக் காய்தான் அத்தாட்சி. பந்தல் பாகலின் மகரந்தமே விழுந்திருந்தால் பிள்ளைகளும் தாயைப்போல நீளமாகக் காய்த்திருக்கும். சிறுகாய்க் குணம் ஓரளவு ஓங்கி நிற்பதால் முதல் தலைமுறை தகப்பன் பக்கம் சாய்கிறது. இரண்டும் மொமோர்டிகா சராண்டியா என்ற ஒரே இனம். இரண்டுக்கும் குரோமோசோம் 22.

ஆகவே எண்ணிக்கையை விட, கலப்பினத்தில் அவை எப்படி ஜோடி சேர்கின்றன என்பதைப் பாருங்கள். அதற்குக் குன்றல் பகுப்பு, அதாவது மகரந்தம் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பகுப்பு, நடக்கும் ஆண்மொட்டு வேண்டும். ஆல்கஹால் 6, குளோரோஃபார்ம் 3, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கரைசலில் மொட்டுகளை 24 மணி நேரம் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரும்பாலும் பிசகுவது மொட்டின் வயதில்தான். மகரந்தப்பை மஞ்சளேறிவிட்டால் உள்ளே மகரந்தத்தூள்தான் இருக்கும், பகுப்பு முடிந்திருக்கும். கொடி நுனியின் மிகச் சிறிய மொட்டிலிருந்து ஏறுவரிசையில் எடுத்து, பை வெளிறிக் கிடப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

2 சதவீத அசிட்டோகார்மைன் என்ற செஞ்சாயத்தின் ஒரு சொட்டில் மகரந்தப்பையைத் துருவேறிய ஊசியால் நசுக்குங்கள். துருவிலுள்ள இரும்பு, சாயத்தைக் குரோமோசோமில் பிடித்து நிறுத்தும். அதிகமானால் செல் முழுவதும் கறுத்துவிடும். தோல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டுக் கவர்ஸ்லிப் வைத்து, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டுங்கள், கொதிக்கவிடாதீர்கள். மேலே வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு சிதைந்துபோகும்.

எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் அதிக உருப்பெருக்க லென்ஸில், செல்லின் நடுவே 11 ஜோடிகள் வரிசைகட்டி நின்றால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. நான்கு சேர்ந்து வளையமாகத் தெரிந்தால் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கலாம். பிரியும்போது இரு முனைகளுக்கிடையே பாலம் போல் இழுபட்டால் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கலாம். ஓரிரு செல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள், கடுமையாக அழுத்தினாலும் ஜோடி பிரியும். ஐம்பது செல்லாவது எண்ணுங்கள். தாய், தகப்பன் மொட்டுகளையும் அதே நாளில் அதே சாயத்தில் பார்த்தால்தான் ஒப்பீடு செல்லும்.

பழுபாகல் விஷயம் வேறு. அது வேறு இனம். அதற்குக் குரோமோசோம் 28, ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி, பூவும் மாலையில் விரியும். அப்படியே ஒரு பிள்ளை வந்தாலும் அதற்கு 14ம் 11ம் சேர்ந்து 25 வரும், மூன்றுக்காவது ஜோடி இருக்காது. அதில் இறங்க வேண்டாம். உங்கள் கலப்பினத்தின் ஆண், பெண் மொட்டுகளுக்கு முந்திய மாலையே காகிதப் பை கட்டி, காலையில் அதன் மகரந்தத்தையே தொட்டு, அந்த விதையில் நூறு கொடியாவது ஏற்றுங்கள். நீளக் காய் அதில்தான் பிரிந்து வரும்.