கடலூர் மொட்டை மாடியிலிருந்து காமா கதிர் வெடிப்பின் பின்னொளி கேமராவில் சிக்குமா?

கேள்வி இது: "8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கி, ஈக்வடோரியல் மவுன்ட், குளிரூட்டிய சிமாஸ் கேமரா இருக்கிறது. கடலூரிலிருந்து பின்னொளியைப் பிடிக்க இது போதுமா, 16 அங்குலம் வாங்க வேண்டுமா?"

போதும். காசைக் கண்ணாடியில் கொட்டாதீர்கள். இங்கே ஓட வேண்டியது நேரத்தோடு.

காமா கதிர் வெடிப்பு என்பது தொலைவிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் காமா கதிர் வெள்ளம். காமா கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால் வெடிப்பை மாடியிலிருந்து பார்க்க வழியில்லை. அதை விண்கலம்தான் பார்க்கும். நமக்குக் கிடைப்பது, வெடிப்பிலிருந்து பாய்ந்த தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதி ஒளிரும் மிச்சம். அந்த ஒளி ஏறத்தாழ நேரத்துக்கு எதிர்விகிதத்தில் மங்கும்: நேரம் பத்து மடங்கானால் 2.5 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) இறங்கும். 3 நிமிடத்தில் 14 என்றால் 30 நிமிடத்தில் 16.5, 5 மணி நேரத்தில் 19. இப்போது விலையை ஒப்பிடுங்கள். 8 அங்குலத்திலிருந்து 16-க்குப் போனால் ஒளி நாலு மடங்கு, அதாவது 1.5 மேக்னிட்யூட். 20-ஆவது நிமிடத்துக்குப் பதில் 5-ஆவது நிமிடத்தில் தொடங்கினாலும் அதே 1.5, செலவே இல்லாமல். 19-க்குக் கீழே போனதை காவலூரின் 2.3 மீட்டர் வைணு பாப்பு, ஹான்லேயின் 2 மீட்டர் சந்திரா போன்ற தொலைநோக்கிகளிடம் விட்டுவிடலாம்.

முதல் வேலை, இத்தகைய வெடிப்புகளை உடனுக்குடன் அறிவிக்கும் நாசாவின் ஜிசிஎன் தளத்தில் கணக்குத் தொடங்கி மின்னஞ்சல் அறிவிப்பு கேட்பது. எல்லாவற்றையும் கேட்டால் பெட்டி நிரம்பி, சரியான அஞ்சல் அதில் புதைந்துபோகும். ஃபெர்மி விண்கலத்தின் ஜிபிஎம் கருவி சொல்லும் இடம் பல டிகிரி அகலம். உங்கள் கேமராவுக்கு அது வானம் முழுக்கத் தேடுவதற்குச் சமம். ஸ்விஃப்ட் விண்கலத்தின் பேட் கருவி சில ஆர்க்நிமிடத்துக்குள் (ஒரு டிகிரியில் 60 ஆர்க்நிமிடம்) சொல்லும், அதன் எக்ஸ் கதிர் தொலைநோக்கி எக்ஸ்ஆர்டி சில ஆர்க்நொடிக்குள். இந்த இரண்டோடு 2024-ல் ஏவப்பட்ட ஸ்வோம், ஐன்ஸ்டைன் புரோப் ஆகிய விண்கலங்களின் அறிவிப்பும் போதும். அந்த அஞ்சலுக்கு மட்டும் போனில் தனி அலாரம் வையுங்கள். அறிவிப்பைப் பார்க்காமல் தூங்கிவிடுவதுதான் மற்ற எல்லாக் கோளாறையும்விடப் பெரியது.

அடுத்து, போக வேண்டுமா என்று முடிவு செய்வது. 30 டிகிரி உயரத்துக்கு மேல் என்று வைத்தால், கடலூர் 11.75 டிகிரி வட அகலாங்கு என்பதால் நடுவரை விலக்கம் (வானத்தின் அகலாங்கு) −48 முதல் +72 வரை உள்ளவை உங்களுடையவை. ஆனால் 30 டிகிரிக்கு மேலுள்ள வானம் மொத்த வானத்தில் கால் பங்குதான். அதில் பகலைக் கழியுங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைக் கழியுங்கள், ஒளியே தெரியாத வெடிப்புகளையும் கழியுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று உண்மையான வாய்ப்பு மிஞ்சினால் நல்ல ஆண்டு.

சில சமயம் மழைக்காலத்திலும் அதிர்ஷ்டம் எட்டிப்பார்க்கும். ஜிஆர்பி (காமா கதிர் வெடிப்பு) 221009ஏ, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது, 2022 அக்டோபர் 9 அன்று நம் நேரப்படி மாலை 6.47-க்கு ஃபெர்மியில் பதிவானது. ஸ்விஃப்ட் அதைப் பிடித்தது 7.40-க்கு. அந்த நேரத்தில் கடலூரில் அது ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் நின்றது. பௌர்ணமி வேறு, இடமோ பால்வீதியின் தூசிக்குப் பின்னால். முதலில் அதை நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தார்கள்.

அறிவிப்பு வந்ததும் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறிவிப்பில் இருப்பது ஜே2000 ஆயம், அதாவது 2000-ஆம் ஆண்டை வைத்துக் குறித்த வான இடம். பல மவுன்ட்கள் இன்றைய தேதியின் ஆயத்தை எதிர்பார்க்கும். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இரண்டுக்கும் இடையே இப்போது 22 ஆர்க்நிமிடம் வரை வித்தியாசம். 1000 மி.மீ. குவியத் தூரத்தில் 11.3 மி.மீ. சென்சாரின் பார்வைப் புலமே 39 ஆர்க்நிமிடம்தான். பின்னொளி படத்துக்கு வெளியே போய்விடும், நீங்களோ "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதுவீர்கள். எனவே முதல் படத்தை உடனே பிளேட் சால்வ் செய்து, அதாவது நட்சத்திரங்களை வைத்துப் படத்தின் இடத்தை மென்பொருளால் கண்டுபிடித்து (ஆஸ்டாப் போதும்), மையத்தைச் சரிபாருங்கள்.

மவுன்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைக்கும் போலார் அலைன்மென்டும் இங்கே தொல்லைதான். துருவ நட்சத்திரம் 12 டிகிரியில், புதுச்சேரி வெளிச்சத்துக்கு நேர் மேலே, புழுக்கத்தில் மங்கிக் கிடக்கும். பிளேட் சால்விங் வழியான அலைன்மென்ட் அல்லது டிரிஃப்ட் முறை (நட்சத்திரம் நகர்ந்துபோவதைப் பார்த்துத் திருத்துவது) நல்லது. இவ்வளவு தாழ்ந்த அகலாங்கில் எதிரெடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். மவுன்டுக்குக் கீழே நீட்டிப்புக் குழாய் போடுங்கள். கடற்காற்றின் ஈரம் துணைக்கண்ணாடியில் பூக்கும், ஹீட்டர் பட்டை கட்டாயம். உப்பு படிந்த திருகுகளை மாதம் ஒரு முறை துடைத்து எண்ணெய் இடுங்கள்.

தொடக்கத்தில் 10 நொடிப் படங்கள் 30, பிறகு 30 நொடிப் படங்களாக வானம் உள்ளவரை. ஒவ்வொரு சில படத்துக்கும் ஒரு தடவை டிதர் செய்யாவிட்டால் (தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தாவிட்டால்) சூடான பிக்சல் ஒன்று படங்களைச் சேர்த்த ஸ்டாக்கில் அழகான "புது நட்சத்திரமாக" நிற்கும். ஸ்டாக்கை நேரம் போகப் போக நீட்டுங்கள்: 5 நிமிடம், 10, 20. 16 படம் சேர்த்தால் இரைச்சலுக்கு மேல் சைகை நாலு மடங்கு, மறுபடி அதே 1.5 மேக்னிட்யூட்.

புள்ளி தெரிந்தால் பான்-ஸ்டார்ஸ் வானக் கணக்கெடுப்பின் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள், மைனர் பிளானட் சென்டரில் சிறுகோள் இருக்கிறதா பாருங்கள். ஆனால் நம்பிக்கை தருவது மங்குவது மட்டுமே: அரை மணி நேரத்தில் மங்காத புள்ளி பெரும்பாலும் பின்னொளி இல்லை. மேக்னிட்யூடை காயா அல்லது ஏபாஸ் பட்டியல் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எடுங்கள், ஃபில்டரைச் சொல்லுங்கள், வெடிப்பிலிருந்து ஸ்டாக்கின் நடுநேரம் வரையான இடைவெளியை எழுதுங்கள். கணினிக் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்திருக்கட்டும், உலக நேரமாக (யுடி) மாற்ற இந்திய நேரத்தில் 5.30 கழிக்க மறக்காதீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் "இந்த நேரத்தில் 17.8-ஐவிட மங்கல்" என்ற வரம்பும் பயனுள்ள தகவல்தான், மிகத் தொலைவான வெடிப்புகளின் ஒளி சிவப்புக்கு அப்பால் நகர்ந்து காணாமல் போவதால், இல்லாமையும் ஒரு துப்பு.

அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், ஒரு பழைய வெடிப்பின் ஆயத்தை எடுத்து இன்றிரவே ஒத்திகை பாருங்கள். அலாரம் அடித்ததிலிருந்து முதல் சால்வ் ஆன படம் வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். 10-க்கு மேல் ஆனால், மூடியைக் கழற்றுவதிலா, கணினி கிளம்புவதிலா, மவுன்டைச் சீரமைப்பதிலா நேரம் போகிறது என்று பார்த்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.