விமானம் வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள ஐயா,

பிறந்தது புதுக்குடியிருப்பு, வளர்ந்தது ரொறன்ரோ. தனியார் விமானி உரிமம் எடுத்துவிட்டேன். இருவர் இருக்கக்கூடிய புதிய இலகு விமானம் ஒன்று வாங்க யோசிக்கிறேன். நிறம் முழுச் சிவப்பாக இருக்கலாமா? நன்மை தீமை பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஒருநாள் அதை இரணைமடுவில் இறக்க வேண்டும் என்பது கனவு. பராமரிப்புச் செலவைச் சொல்லி எல்லாரும் பயப்படுத்துகிறார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின சனம் நாங்கள், இதைச் சமாளிக்க மாட்டோமா?

– வாசகர் ஒருவர்

தம்பி,

கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பேய்ப் பெடியன், கவனமா இருக்கச் சொல்லுங்கோ" என்றா மனிசி. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரணைமடுக் கனவை ஓரமாக வையும். அங்கே இருக்கிற ஓடுபாதை விமானப்படையிடம் இருக்கிறது. பலாலியை 2019 இல் சர்வதேச விமான நிலையமாக்கினார்கள். அங்கே பயணியாக வந்து இறங்கி, பஸ் பிடித்து வாரும்.

நன்மைகள் உமக்கே தெரியும். இப்போது வரும் இலகு விமானங்கள் பலவற்றில் ரொட்டாக்ஸ் 912 எஞ்சின். காருக்கு அடிக்கிற பெற்றோலிலேயே ஓடும், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 20 லீற்றரோடு அடங்கும். பழைய செஸ்னா 172 அதைவிட எவ்வளவோ கூடக் குடிக்கும், அதுவும் ஈயம் கலந்த விமானப் பெற்றோல். சிலவற்றில் விமானத்தையே தாங்கி இறக்குகிற பரசூட்டும் உண்டு. தீமை என்றால், அந்தப் பரசூட்டுக்கும் கெடு இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சினின் ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். மொத்தப் பாரம் 600 கிலோவுக்குள் நிற்க வேண்டிய வகை என்றால், இரண்டு தடித்த ஆட்களும் நிறைந்த தாங்கியும் சேர்ந்தாலே கணக்கு இடிக்கும். கொட்டகை வாடகை, காப்புறுதி எல்லாம் நீரே பார்த்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெயில் ஓடின சனம் என்று நீர் எழுதியதற்கு வருகிறேன். கொஞ்சநாளாக இது என் மண்டைக்குள் கிடந்து குடைகிறது. எந்த மேடையிலும் இப்போது இதைச் சொல்கிறார்கள், கைதட்டு விழுகிறது. தட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள்?

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் பெற்றோல் வர அரசு தடை போட்டிருந்தது, அதனால்தான் மண்ணெண்ணெய். சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் கார்பரேட்டருக்குள் சில துளி விட்டு உதைப்பார்கள். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும், குளிரில் அது சரியாக ஆவியாகாது. ஆவியாகாதது எங்கே போகும்? பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வடிந்து ஒயிலோடு கலக்கும். எங்கள் சந்திக் கராஜ்காரர் ஹொண்டா எம்.டி.90 மோட்டார் சைக்கிளின் ஒயில் மூடியைத் திருகி எடுத்து, குச்சி நுனியில் இருப்பதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்ப்பார். வழுவழுப்பே இருக்காது, தண்ணி. மணந்துவிட்டு, "இதை விளக்குக்கு ஊத்தலாம்" என்பார். பிளக் கரி பிடித்துக் கறுத்திருக்கும். பாரம் ஏற்றினால் எஞ்சின் தட்டும். சிலிண்டர் தேய்ந்து, கொஞ்சக் காலத்திலேயே அதைக் கடைந்து சரிசெய்கிற போரிங் வேலை வந்துவிடும்.

வேறு வழி இல்லாமல் செய்தோம். அப்படித்தான் நோயாளிகளை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போனோம், அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். ஆனால் மோட்டார் சைக்கிள் நின்றால் முறிகண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். 2000 அடியில் எஞ்சின் நின்றால் உமக்கு மிஞ்சுவது சில நிமிடமும், அதிர்ஷ்டம் இருந்தால் கீழே ஒரு வயலும். அங்கே போய்ச் சமாளிப்பு என்று கதைக்காதையும்! எத்தனை மணித்தியாலத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்று செய்தவன் எழுதிவைத்திருக்கிறான். சான்றிதழ் பெற்ற விமானமென்றால், உரிமம் உள்ள பொறியியலாளர் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். நீர் செலவு என்று அலுத்துக்கொள்வது அந்தக் கையெழுத்தைத்தான். அதில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் வாங்கவே கூடாது, வாடகைக்கு எடுத்து ஓடட்டும்.

இல்லையென்றால் மூன்று நாலு பேர் சேர்ந்து வாங்கும். நிறுத்திவைத்த எஞ்சின்தான் உள்ளே ஈரம் படிந்து கெதியில் துருப்பிடிக்கும். உங்கள் பனிக்காலத்தை நினைத்துச் சொல்கிறேன்.

இலகு விமானம் எங்களுக்குப் புதிதில்லை, தம்பி. சனம் சியாமாச்செட்டி என்று சொன்னது இத்தாலிக்காரரின் எஸ்.எஃப்.260. பயிற்சிக்கென்று செய்த சின்ன விமானம், வெளிநாடுகளில் வசதியானவர்கள் வானத்தில் கரணம் அடிக்க வைத்திருப்பது. இங்கே அது விமானப்படையின் குண்டோடு வந்தது, நாங்கள் பங்கருக்குள் இறங்கினோம். 2007 இல் வன்னியிலிருந்து கட்டுநாயக்காவுக்குக் குண்டு போடப் போன புலிகளின் சிலின் 143 உம் நாலு பேர் இருக்கிற விமானம்தான். புதுக்குடியிருப்பில் பிறந்த ஒருவன் ஆருக்கும் ஒன்றும் செய்யாமல், சும்மா ஏரிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கப்போகிறான் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். வாங்கும் என்று சொல்லத்தான் மனம் வருகிறது.

நிறமும் கேட்டிருந்தீர், முழுச் சிவப்பு என்று. இழையும் பிசினும் சேர்த்துச் செய்த உடலென்றால் அது சரிவராது. கடும் நிறம் வெயிலை உறிஞ்சும், சூட்டில் பிசினின் உறுதி குறையும். அதனால்தான் அவற்றுக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசுகிறார்கள். சிவப்பு அவ்வளவு ஆசையென்றால் வாலில் ஒரு கோடு போடலாமா என்று கம்பனிக்காரரிடம் கேட்டுப் பாரும்.